குச்சிக்கு ஒரு கிண்ணம்

கோயில் பங்கில் நற்கருணை பக்தி வளர வேண்டும் என்று பங்குத்தந்தை முடிவு செய்த வருஷத்தில்தான் ரொட்டிக்காரியின் மகளுக்குப் புதுநன்மை வாங்கும், அதாவது பூசையில் முதல் தடவையாக ஆண்டவரின் அப்பத்தை வாங்கும், வயது வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தது யாருடைய குற்றமும் இல்லை. ஆனாலும் ரொட்டிக்காரி அந்த வருஷம் முழுக்க யாரையாவது குற்றம் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். ஆள் அகப்படாத நாளில் தன்னையே சொல்லிக்கொண்டாள்.

ரொட்டிக்காரி என்பது கோயிலில் மற்ற பெண்கள் வைத்த பெயர். ஒரு பெரிய பேக்கரியில் ரொட்டி வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, துண்டு துண்டாக வருவதை அடுக்கிப் பையில் போட்டு வாயைக் கட்டுவது அவள் வேலை. வேலை முடியும்போது மாவு அவள் புருவத்தில் இருக்கும், காது மடலில் இருக்கும், கைக்கடிகாரத்தின் கண்ணாடிக்கு உள்ளே கூட இருக்கும். அவள் பெற்ற ஒரே பிள்ளைக்கோ கோதுமை ஆகாது. இதை எழுதி வைத்தது ஆண்டவர்தான் என்றால் அவரிடம் கேட்க அவளுக்கு நிறைய இருந்தது.

ஆகாது என்றால் கொஞ்சம் வயிறு வலித்து அடங்குகிற சமாச்சாரம் இல்லை. ஒரு பொடி உள்ளே போனாலும் குடல் புண்ணாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கண்டுபிடிப்பதற்குள் பிள்ளை தேய்ந்து தேய்ந்து குச்சியாகிவிட்டாள். உடம்பு தேறிய பிறகும் குச்சி என்ற பெயர் போகவில்லை. வீட்டில் கோதுமைக்கு இடமில்லை. ரொட்டிக்காரி பேக்கரியிலேயே குளித்து, துணி மாற்றி, செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பாள். பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொண்டாலும் ஒரு நொடி கையைத் தூக்கியே வைத்திருப்பாள், போலீஸ் பிடித்த திருடி மாதிரி.

இந்த நிலைமையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குத்தந்தை பீடத்தின் முன்னால் வந்து நின்று, இந்த வருஷம் நமது பங்குக்கு நற்கருணை ஆண்டு என்று அறிவித்தார். நல்ல மனுஷர்தான், பாவம். பூசை முடிவதற்குள் செருப்பைத் தேடும் ஜனங்களைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனவர். வியாழன்தோறும் ஆராதனை, நன்மை வாங்கிய பிறகு அமைதியாக முழந்தாளில் இருப்பது, ஆண்டவருக்காகப் பசியோடு வருவது, கோயிலுக்குள் போனை அணைப்பது என்று எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் நெஞ்சில் கை வைத்து, "அப்பத்தைப் பார்க்காதீர்கள், ஆண்டவரைப் பாருங்கள்" என்றார். ஜனங்களுக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. கோயில் வாசலில் பேனரே அடித்துக் கட்டிவிட்டார்கள்.

ரொட்டிக்காரிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அவள் அப்பத்தைப் பார்த்தே ஆக வேண்டியவள்.

பூசை முடிந்ததும் அலுவலகத்தில் போய்ப் பார்த்தாள். மகளுக்கு இன்ன வியாதி, அப்பம் கோதுமை, என்ன செய்யலாம் என்று கேட்டாள். பங்குத்தந்தைக்கு விஷயம் தெரிந்திருந்தது. கோதுமையின் பசைச்சத்து குறைந்த அப்பம் இருக்கிறது, வரவழைக்கலாம் என்றார். டாக்டரிடம் கேட்டால், இந்தப் பிள்ளைக்கு அதுவும் கூடாது என்றார். திரும்பி வந்தாள். அப்படியானால் திராட்சை இரசத்தை மட்டும் கொடுக்கலாம், திருச்சபை அதற்கு இடம் கொடுக்கிறது, இரசத்திலும் ஆண்டவர் முழுமையாகத்தான் இருக்கிறார் என்றார். ஆனால் பெரிய கிண்ணத்தில் கூடாது. பூசையில் குருவானவர் அப்பத்தைப் பிட்டு ஒரு சின்னத் துண்டைக் கிண்ணத்துக்குள் போடுவார், அதனால் பிள்ளைக்கென்று தனியாக ஒரு சின்னக் கிண்ணம், அதில் துண்டு விழாமல். கேட்கக் கேட்க அவளுக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டோம் என்று நினைத்தாள்.

இவ்வளவுதான் என்று நினைக்கும்போதுதான் பங்குப் பேரவை கூடும்.

பேரவையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அரிசியில் அப்பம் செய்தால் என்ன என்று கேட்டார். கோதுமைதான் வேண்டும், ஆண்டவர் கோதுமை அப்பத்தைத்தான் எடுத்தார் என்று பங்குத்தந்தை சொன்னார். ஒரு பிள்ளைக்குக் கிண்ணம் கொடுத்தால் மற்றப் பெற்றோர் எங்கள் பிள்ளைக்கும் என்று கேட்பார்களே என்று ஒருவர் கவலைப்பட்டார். வீடியோவில் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி இருந்தால்தான் அழகு என்று இன்னொருவர் சொன்னார். பங்குத்தந்தை எல்லாவற்றையும் கேட்டு, யோசிப்போம் என்றார். அவர் யோசிப்போம் என்றால் அது கிணற்றில் போட்ட கல் என்று பங்குக்கே தெரியும்.

இவர்களையெல்லாம் கூட ரொட்டிக்காரி சமாளித்திருப்பாள். சமாளிக்க முடியாதது வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவளுடைய நாத்தனார்.

கணவனுக்கு மூத்தவள். புதுநன்மைப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பவள், பீடத்தருகே நின்று நன்மை வழங்க அனுமதி பெற்றவள், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு வீடு வீடாக ஆண்டவரைக் கொண்டு போகிறவள். வியாழக்கிழமை ஆராதனைக்கு யார் வராவிட்டாலும் அவள் வருவாள். கெட்டவள் என்று சொல்ல வழியே இல்லை, அதுதான் ரொட்டிக்காரிக்கு இருந்த பெரிய கஷ்டம். குச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவெல்லாம் கண் விழித்தவள் இந்த நாத்தனார்தான். அந்த அத்தை மேல் பிள்ளைக்கு உயிர்.

அவள் வாதம் ரொம்ப எளிமையானது. எளிமையாக இருந்ததால்தான் அதை உடைக்க முடியவில்லை.

"பூசையில ஃபாதர் அப்பத்தைத் தூக்கி வார்த்தை சொல்லி எழுந்தேற்றம் ஆன பிறகு அங்க ரொட்டியே இல்ல. இருக்கிறது ஆண்டவர். ஆண்டவரோட உடம்பு ஒரு பிள்ளையோட உடம்புக்கு எப்படி ஆகாம போகும்?"

ரொட்டிக்காரி எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். டாக்டர் சொன்னாரு அண்ணி, டாக்டர் சொன்னாரு அண்ணி என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது தனக்கே நம்பிக்கையற்றவளின் பேச்சு மாதிரிக் கேட்டது. கணவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். அக்காவும் மனைவியும் பேச்சைத் தொடங்கினால் எங்கிருந்தோ அவனுக்கு ஒரு பழுதான பெட்டி வந்துவிடும். டூல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அவளுக்கு இப்போது பூசையில் ஜெபமே வருவதில்லை. பங்குத்தந்தை அப்பத்தைப் பிடும்போது எத்தனை தூள் எங்கே விழுகிறது என்றுதான் பார்த்தாள். நாத்தனார் நன்மை கொடுத்த விரலை எதில் துடைக்கிறாள், அதே விரலால் குச்சியின் கன்னத்தைத் தட்டுகிறாளா என்று பார்த்தாள். நற்கருணை ஆண்டு என்று பேனர் கட்டிய அத்தனை பேரிலும் பீடத்தை இமை கொட்டாமல் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அதைப் பக்தி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒத்திகை தொடங்கியது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, எழுந்தேற்றம் ஆகாத வெறும் அப்பத்தைக் கொடுத்து, எப்படிக் கை நீட்டுவது, எப்படி ஆமென் சொல்வது என்று நாத்தனார் பழக்கினாள். குச்சியின் முறை வந்தபோது அவளை மட்டும் நகர்த்தி நிறுத்தினாள். "இது வெறும் ரொட்டி, இது உனக்கு ஆகாது. அன்னிக்கி வர்றவர் ஆண்டவர். நம்பி வாங்கினா ஒண்ணும் செய்யாது, கண்ணு" என்றாள். இதை அவள் அன்பாகத்தான் சொன்னாள்.

அடுத்த நாள் காலையில் குச்சிக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. வாந்தி, பேதி, வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. பழைய நாட்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. ரொட்டிக்காரி தன் தலையில் அடித்துக்கொண்டாள். தன் மேல்தான் மாவு ஒட்டி வந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். போட்டிருந்த துணியைக் குப்பையில் போட்டாள், கைக்கடிகாரத்தைக் கழற்றி எறிந்தாள், தலைமுடியைக் காதளவு வெட்டிக்கொண்டாள். பேக்கரிக்குப் போய், வேலையை விடுகிறேன் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லியும்விட்டாள். அவர் யோசித்துச் சொல், அவசரப்படாதே என்று அனுப்பி வைத்தார்.

பிள்ளை மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிந்து, கஞ்சி குடித்துக்கொண்டே, அம்மாவின் வெட்டின முடியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

ஒத்திகையில் மீந்துபோன அப்பம் ஒன்றை அவள் எடுத்து வந்திருக்கிறாள். அன்று சாயங்காலம் அம்மா வருவதற்குள், படுக்கையறையில் நாற்காலி மேல் வெள்ளைத் துண்டு விரித்து, அப்பத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, பூசையில் பங்குத்தந்தை சொல்கிற வார்த்தைகளை எல்லாம் தப்பில்லாமல் சொல்லியிருக்கிறாள். முழந்தாளிட்டிருக்கிறாள். மணிக்குப் பதில் கரண்டியால் தம்ளரைத் தட்டியிருக்கிறாள். பிறகு தின்றுவிட்டாள்.

"நான் ரொம்ப நம்பினேன்மா. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நம்பினேன். எனக்கு விசுவாசம் பத்தல போல."

ரொட்டிக்காரி அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை. பிள்ளைகள் வீட்டில் பூசை விளையாடுவது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். குருவானவர் இல்லாமல் அப்பம் ஆண்டவராக மாறாது என்று பிள்ளைக்குச் சொன்னாள். அத்தையும் அதைத்தான் சொல்வாள் என்பதும் அவளுக்கு அந்த நேரத்திலேயே தெரிந்தது.

அப்படியேதான் ஆயிற்று. நாத்தனார் வந்து, பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, அது எழுந்தேற்றம் ஆகாத அப்பம்தானே, அதனால்தான் ஆகவில்லை, புதுநன்மை அன்றைக்கு வாங்கப்போவது வேறே என்றாள். ரொட்டிக்காரிக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "இவ நம்பிக்கையைச் சோதிக்க இவ குடல்தான் கிடைச்சுதா அண்ணி" என்று கேட்டாள். நாத்தனார் எழுந்து போனாள். ஆனால் மனம் மாறிப் போனதாகத் தெரியவில்லை.

அன்றைக்கே ரொட்டிக்காரி வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பங்குத்தந்தையிடம் போனாள். இந்த முறை உட்காரவில்லை. நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னாள். பிள்ளை தனக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொன்னதை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

பங்குத்தந்தை மேஜையில் முழங்கையை ஊன்றி முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். அங்கே இருப்பது ஆண்டவர்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ரொட்டியின் நிறம், ருசி, கனம் எதையும் அவர் எடுத்துவிடுவதில்லை. நாக்குக்கு அது ரொட்டியாகத்தான் தெரியும், வயிற்றுக்கும் அப்படித்தான். எழுந்தேற்றம் ஆன திராட்சை இரசமும் அதிகமாகக் குடித்தால் போதை ஏற்றும். உங்கள் பிள்ளைக்கு வந்தது விசுவாசக் குறைவு இல்லை, வியாதி.

"இதை ஏன் ஃபாதர் பிரசங்கத்துல சொல்லல?"

சொன்னால் அது வெறும் ரொட்டிதானே என்று ஜனங்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்தேன் என்றார். ஏற்கெனவே பாதிப் பேருக்கு அந்த நினைப்புத்தான் என்றார். ரொட்டிக்காரிக்குக் கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை. நம்பாதவர்களுக்குப் பயந்து, நம்புகிற ஒரு பிள்ளையின் வயிற்றில் அடித்துவிட்டார்களே என்று இருந்தது. ஆனால் அவர் எழுந்து அலமாரியைத் திறந்து, ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துத் துடைத்து மேஜை மேல் வைத்தார். பேரவையைக் கேட்கப் போவதில்லை, இந்தக் கிண்ணத்தில் அப்பம் படாது, இது என் வாக்கு என்றார். அவள் போகும்போது அவரே கிண்ணத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், வயிற்றுக்கு அது ரொட்டிதான் என்பதையும் சொன்னார். அரை வாக்கியம். அதுவும் சொல்லும்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

புதுநன்மை நாள் வந்தது. வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கவுனுமாகப் பிள்ளைகள், முன்வரிசையில் பெற்றோர், நடைபாதையில் வயரை இழுத்துக்கொண்டு வீடியோக்காரர். குச்சி வரிசையில் கடைசி. மற்றவர்களுக்கு எல்லாம் கொடுத்து முடித்ததும் நாத்தனார் சின்னக் கிண்ணத்தைக் கொண்டு வந்து அவளுக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. பங்குத்தந்தை இதைச் சொன்னபோது நாத்தனார் சரி ஃபாதர் என்று மட்டும் சொன்னாளாம். அவள் சரி என்பதற்கு என்ன அர்த்தம் என்று ரொட்டிக்காரி இரவெல்லாம் யோசித்தாள்.

பீடத்தில் பெரிய கிண்ணமும் சின்னக் கிண்ணமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எழுந்தேற்றம் ஆயிற்று. எல்லாரும் தலை குனிந்தபோது ரொட்டிக்காரி மட்டும் தலையைத் தூக்கி வைத்திருந்தாள். சமாதான வாழ்த்து முடிந்தது, இறைவனின் செம்மறியே என்று பாட்டு ஏறியது, பங்குத்தந்தை பெரிய அப்பத்தை எடுத்துப் பிட்டார். ஒரு துண்டைக் கிள்ளிப் பெரிய கிண்ணத்தில் போட்டார். அப்புறம் அவர் கை இன்னொரு முறை கிள்ளியது. சின்னக் கிண்ணத்திலும் போட்டது.

போட்டுவிட்டார்.

ரொட்டிக்காரிக்கு முதலில் தன் கண் மேல்தான் சந்தேகம் வந்தது. பங்குத்தந்தையின் முகத்தில் ஒன்றும் இல்லை. கண்ணை மூடி ஏதோ ஜெபம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தைக் கண்டால் துண்டு போடும் அத்தனை வருஷப் பழக்கம் கையில் ஏறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அவள் எழுந்தாள். கணவன் அவள் முழங்கையைப் பிடித்து, எல்லாரும் பார்க்கிறாங்க, உட்காரு என்றான். கையை உதறிக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிட்டாள். அங்கிருந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. பூசை நடக்கும்போது பீடத்துக்குப் போய்க் கத்துவதா? பிள்ளைகள் நகர ஆரம்பித்துவிட்டார்கள். கிறிஸ்துவின் திருவுடல், ஆமென், கிறிஸ்துவின் திருவுடல், ஆமென் என்று வரிசை வேகமாகக் குறைந்தது. வீடியோக்காரர் கொஞ்சம் தள்ளுங்க அக்கா என்று அவளிடம் சைகை காட்டினார்.

நாத்தனார் சின்னக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். குச்சி கை கூப்பிக்கொண்டு அவள் எதிரில் நின்றாள். ரொட்டிக்காரி தூரத்திலிருந்து தலையை ஆட்டினாள், கையை ஆட்டினாள். நாத்தனார் அவளைப் பார்க்கவில்லை. கிண்ணத்துக்குள் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள்.

அவள் பார்த்தது ரொட்டிக்காரிக்குத் தெரியும். மிதக்கிற அந்தத் துண்டைத்தான். வருஷம் முழுக்க எது ஆகும் என்று வாதாடினாளோ அது அவள் கையில் இருந்தது, எதிரில் பிள்ளை வாயைத் திறக்கக் காத்திருந்தது. எழுந்தேற்றம் ஆனது. சந்தேகமே இல்லாமல் ஆனது. இப்போது கொடுத்தால் அவளுடைய வாதம் ஜெயிக்குமா தோற்குமா என்று தெரிந்துவிடும்.

நாத்தனார் கிண்ணத்தைத் தன் வாயில் வைத்து, ஒரு சொட்டு விடாமல் தானே குடித்துவிட்டாள்.

கோயிலில் ஒரு சலசலப்பு எழுந்தது. முன்வரிசையில் யாரோ, ஐயோ, இவங்களே குடிச்சுட்டாங்க என்றார்கள். குச்சி கூப்பிய கையோடு அத்தையை அண்ணாந்து பார்த்தாள். நாத்தனார் குனிந்து, துண்டு விழுந்துடுச்சு கண்ணு என்று அவள் காதில் சொல்லி அவளைத் திருப்பி அனுப்பினாள். வாங்காமல் திரும்பி வந்த பிள்ளை தன் இடத்தில் உட்கார்ந்து, வாங்கினவர்களைப் போலவே முழந்தாளிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பூசை முடிந்த கையோடு ரொட்டிக்காரி பீடத்துக்குப் பின்னால் உடை மாற்றும் அறைக்குப் போனாள். பங்குத்தந்தை உடையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கை தானாப் போட்டுடுச்சும்மா, கை தானாப் போட்டுடுச்சு என்றார். நாத்தனார் மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரொட்டிக்காரியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"இப்பவும் நான் நம்புறது மாறல. ஆனா அவ முகத்தைப் பார்த்துக்கிட்டு என்னால முடியல."

ரொட்டிக்காரிக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. நன்றி சொல்லவும் தோன்றவில்லை. ஒரு வருஷக் கோபம் ஒரு மடக்கில் இறங்கிவிடுமா என்ன? சரி அண்ணி என்றாள், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் அவளுக்குத்தான், நானே கொடுக்கிறேன் என்றார் பங்குத்தந்தை. வெளியே போட்டோவுக்குப் பிள்ளைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கோயிலில் விளக்கேற்றி மணியடிக்கும் கோயில்பிள்ளை தலையை நீட்டி, எல்லாரும் ஃபாதருக்காகக் காத்திருக்காங்க, உங்க பொண்ணு மட்டும் போட்டோவுக்கு வர மாட்டேங்குது என்றார். ஏன் என்று ரொட்டிக்காரி கேட்டாள். நான் இன்னும் வாங்கல, வாங்கினவங்களோட எப்படி நிக்கறது என்று கேட்கிறாளாம். கோயிலுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறாளாம்.

ரொட்டிக்காரி கதவுக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னொரு பூசை வையுங்க ஃபாதர். இப்பவே."

ஏற்கெனவே இரண்டு பூசை வைத்தாயிற்று, மூன்றாவது வைக்க அவசியமான காரணம் வேண்டும் என்று அவர் இழுத்தார். மண்டபத்தில் கேக் வெட்டக் காத்திருக்கிறார்கள், ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்றார்.

"வருஷம் பூரா ஆண்டவருக்காகப் பசியா இருங்கன்னு சொன்னீங்க. ஒரே ஒருத்தி பசியோட உட்கார்ந்திருக்கா. அவளை விடப் பெரிய அவசியம் எது?"

பங்குத்தந்தை அவளைப் பார்த்தார். பிறகு கோயில்பிள்ளையிடம், மெழுகுவர்த்தியை ஏற்று என்றார். இப்பத்தான் அணைச்சேன் ஃபாதர் என்று கோயில்பிள்ளை அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டே போய் ஏற்றினார்.

கோயில் கலைந்து கிடந்தது. நாற்காலிகள் கோணல் மாணலாக இருந்தன, தரையெல்லாம் பூ இதழும் சாக்லேட் காகிதமும். மண்டபத்திலிருந்து கைதட்டலும் பாட்டும் ஜன்னல் வழியாக வந்தபடி இருந்தது. குச்சி முன்வரிசையில் தனியாக உட்கார்ந்தாள். அவள் அப்பா எந்தப் பெட்டியையும் பழுது பார்க்கப் போகாமல் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நாத்தனார் கடைசி வரிசையில் முழந்தாளிட்டாள். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. பங்குத்தந்தை ஒவ்வொரு வார்த்தையையும் புதிதாகப் படிக்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார். சின்னக் கிண்ணத்தைப் பீடத்தின் ஒரு கோடியில், கைக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்திருந்தார். அப்பத்தைப் பிட்டுத் துண்டு போடும்போது மற்றக் கையைப் பீடத்தோடு அழுத்தி வைத்துக்கொண்டார்.

ரொட்டிக்காரி அன்றைக்கும் தலை குனியவில்லை. கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பங்குத்தந்தை கையைக் கழுவித் துடைத்துவிட்டு, சின்னக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். குச்சி எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள். அவர் கிண்ணத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி, கிறிஸ்துவின் திருஇரத்தம் என்றார்.

குச்சி ஆமென் சொல்லவில்லை. கால் விரலில் எக்கி நின்று கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"துண்டு போடலியே ஃபாதர்?"

பின்னால் நாத்தனார் தலையைத் தூக்கினாள்.

"போடலம்மா" என்றார் பங்குத்தந்தை.

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். அப்புறம், தன் அத்தை சொல்லிக் கொடுத்தபடியே, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "ஆமென்" என்றாள். கிண்ணத்தை வாங்கிக் குடித்தாள்.